கேரம் போர்டு மேல் பூட்டிய 5600ஜி: ஒன்றரை வருஷம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி (கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பது) நல்ல ப்ராசஸர்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு. அடுத்த போனஸில் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று இப்போதே கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கார்டையும் சேர்த்து 'ஜி' இல்லாத 5600-ஆக வாங்கிவிடுங்கள். அதில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, இதில் பாதிதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜைத் தூக்கினோம், அரிசி மூட்டையைத் தூக்கினோம், மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் கேரம் கிளப் மேட்ச்களை எடிட் பண்ணுவது நான்தான் (சம்பளம் டீயும் பஜ்ஜியும்), அதனால் பொங்கல் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். நம்ம பக்கத்து ஆட்களுக்கு மெட்ரோ வந்த பிறகு அது சுலபம்: தண்டையார்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம், வண்டி மாற வேண்டாம்.

ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி), கேபினெட் எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி பில்லோடு 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தது. மானிட்டர் பழசு, சுவரில் மாட்டியிருந்ததால் தப்பித்தது. ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்கச் சொல்லி கடைக்காரர் விடாமல் சொன்னார், கேட்காதீர்கள். இந்த ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், இரண்டு ரேம் போட்டால் இரண்டு வழியாக எடுக்கும். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. எஸ்எஸ்டியில் ஜென் 4-க்கு (பிசிஐஇ 4.0 வேகத்துக்கு) காசு கொடுக்க வேண்டாம், எஸ்எஸ்டியை இணைக்க 5600ஜி-யில் இருப்பது பிசிஐஇ 3.0 தான்.

கிளப்பில் கழித்துப் போட்ட பழைய கேரம் போர்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த பவுடரை நன்றாகத் துடைத்துவிட்டு அதன் மேலேயே பூட்டினேன். நாலு பாக்கெட்டில் நாலு வகை ஸ்க்ரூ, ஒன்றும் தொலையவில்லை. ப்ராசஸரை அழுத்தவே கூடாது, மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தானாக உட்காரும். கூட வரும் கூலரைப் போடுவதற்கு முன் மதர்போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும், நாலாவது ஸ்க்ரூ கழன்றதும் பின்னால் இருக்கும் தகடு பொத்தென்று விழும், எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. உடையவில்லை, அது அப்படித்தான். ஒரு கையால் தகட்டைத் தாங்கிக்கொண்டு கூலரை முடுக்கினால் சரி.

ஆன் பண்ணினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. இரண்டு மணி நேரம் ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். விஷயம் என்னவென்றால் பி450 வந்தது 2018-ல், 5600ஜி வந்தது 2021-ல், கடையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய மதர்போர்டின் பயாஸுக்கு (ஆன் பண்ணியதும் முதலில் ஓடும் புரோகிராம்) இந்த ப்ராசஸரை அடையாளமே தெரியாது. வாங்கும்போதே கேட்டேன், "அதெல்லாம் வந்துடும் ப்ரோ" என்றார்கள். மறுநாள் மதர்போர்டைத் தூக்கிக்கொண்டு போனால், முதலில் நான்தான் ப்ராசஸரைக் கெடுத்துவிட்டேன் என்றார்கள், அப்புறம் ஒரு பழைய ப்ராசஸரைப் போட்டு பென் டிரைவில் பத்து நிமிஷத்தில் அப்டேட் செய்துவிட்டு 300 ரூபாய் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வாதாடிய நேரத்துக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். நீங்கள் போனால் ப்ராசஸரையும் போர்டையும் கடையிலேயே மாட்டி டிஸ்ப்ளே காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவை கூடப் படுத்ததில்லை. ஃபுல் எச்டி வீடியோ எடிட்டிங் தாராளமாகப் போகிறது, 4கே எடுத்து வந்தால் திணறுகிறது. வேலரன்ட் மாதிரி லேசான கேம் ஓடும், பெரிய கேம் பக்கம் போகாதீர்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் ரெண்டர் (எடிட் பண்ணியதை வீடியோவாக்கும் வேலை) போட்டால் சூடு 85 டிகிரியைத் தாண்டுகிறது, 95 வரை தாங்கும் என்று ஏஎம்டி சொல்வதால் பயமில்லை, ஆனால் கூலர் போடுகிற சத்தத்தில் அடுத்த அறையில் டிவி கேட்காது.

கரண்ட் கதை வேறு. பழைய யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தேன், கரண்ட் போனதும் அது 'பீப்' என்கும், கம்ப்யூட்டர் அதற்கு முன்பே அணைந்திருக்கும். சின்ன யுபிஎஸ்கள் தரும் கரண்ட் ஒழுங்கான சைன் அலையாக இருப்பதில்லை, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் இருந்த சைன் வேவ் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றி அதில் மாட்டிய பிறகு பிரச்சினை இல்லை.

டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) கன்டெய்னர் லாரிகளின் புழுதி மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவ வைக்கிறது, கடல் காற்றில் கேபினெட் ஸ்க்ரூ இரண்டு துருப்பிடித்துவிட்டது. கேபினெட் இப்போது மேஜை மேல். புழுதி போகக்கூடாது என்று அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருக்கிறார், பின்னால் காற்று போகும் ஃபேனையும் மூடி. நான் எடிட் பண்ண உட்காரும்போது கழற்றி வைக்கிறேன், நான் எழுந்து சாப்பிடப் போனால் ரெண்டர் ஓடும்போதே அம்மா மறுபடி மாட்டிவிடுகிறார்.