ட்ரேட்மார்க்கா, டிசைனா, காப்பிரைட்டா? ஆன்லைனில் விற்பவர் முதல் பணத்தை எதில் போடுவது?

ஆன்லைனில் கடை போடுகிறவருக்கு யாரைக் கேட்டாலும் கிடைக்கிற முதல் அறிவுரை, "பேரை ட்ரேட்மார்க் பண்ணிடுங்க" என்பதுதான். தப்பான அறிவுரை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: உங்களிடமிருந்து எதைத் திருடுகிறார்கள்? பெயரையா, போட்டோவையா, துணியில் இருக்கிற பிரிண்ட்டையா? பெயரைக் காப்பது ட்ரேட்மார்க், போட்டோவைக் காப்பது காப்பிரைட், பொருளின் வடிவத்தையும் பிரிண்ட்டையும் காப்பது டிசைன் பதிவு. சௌகார்பேட்டையில் கவரிங் நகை எடுத்து விற்பவருக்கும், மயிலாப்பூரில் வீட்டிலேயே சாம்பார் பொடி அரைத்து விற்பவருக்கும், சொந்தமாகப் படம் வரைந்து குர்த்தியில் பிரிண்ட் போட்டு விற்பவருக்கும் பதில் வேறு வேறு. கையில் இருக்கிற பத்தாயிரத்தை எதில் போடுவது என்பதும் அதைப் பொறுத்துத்தான்.

சரி, எல்லோரும் கேட்கிற செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ட்ரேட்மார்க் விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கு, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நிறுவனத்தின் பெயரில் போட்டு 4,500 மட்டும் கட்ட வேண்டுமென்றால் உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். டிசைன் பதிவுக்கு இதே ஆட்களுக்கு 1,000 ரூபாய்தான். காப்பிரைட் பதிவு ஒரு கலைப்படைப்புக்கு 500, அதுவும் கட்டாயமில்லை. படம் எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. ஏஜென்ட் வாங்குவது தனி, அது ஆளுக்கு ஆள் மாறும். ஆயுளைப் பார்த்தால் ட்ரேட்மார்க் 10 வருஷம், புதுப்பித்துக்கொண்டே போனால் முடிவே இல்லை. டிசைன் 10 வருஷம், கேட்டால் இன்னும் 5, அதோடு சரி. காப்பிரைட் படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம், போட்டோவுக்கும் அதேதான். விலையையும் ஆயுளையும் மட்டும் பார்த்தால் காப்பிரைட்தான் ஜெயிக்க வேண்டும். நடைமுறை அப்படி இல்லை.

ட்ரேட்மார்க்கின் மதிப்பு எங்கே தெரியும் என்றால், அமேசான் மாதிரி இடங்களில் ஒரு பொருளுக்கு ஒரே பக்கம்தான், அந்தப் பக்கத்தில் "என்னிடமும் இதே சரக்கு இருக்கிறது" என்று யார் வேண்டுமானாலும் வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாட்டில். நீங்கள் ரிவ்யூ ரிவ்யூவாகச் சேர்த்து வளர்த்த லிஸ்டிங்கில் எவரோ 20 ரூபாய் குறைத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார், வாங்கியவர் வீட்டுக்கு மட்டமான சரக்கு போகும், ஒற்றை நட்சத்திரம் மட்டும் உங்கள் பக்கத்தில் வந்து விழும். விற்பவர்கள் இதை லேட்ச்சிங் என்பார்கள். பிராண்ட் பெயர் வைத்திருப்பவர்களுக்காக அமேசான் நடத்துகிற பிராண்ட் ரெஜிஸ்ட்ரியில் சேர்ந்தால் இவர்களை வெளியேற்றச் சொல்லிக் கேட்கிற கதவு ஒன்று திறக்கும், அதில் சேர ட்ரேட்மார்க் விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலே போதும், பதிவு முடிகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே சிக்கல், பெயர் பொருளிலோ பேக்கிங்கிலோ நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பார்கள். வெறும் பிளாஸ்டிக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ எடுத்து அனுப்பினால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். முத்திரை குத்திய டேக், அச்சடித்த பை, அந்த மாதிரி ஏதாவது செய்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

பதிவு வேலை நம் ஊரிலேயே நடக்கிறது. கிண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிற ட்ரேட்மார்க் பதிவகத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் வருகின்றன. ஆனால் விண்ணப்பம் ஆன்லைனில்தான் போகிறது, நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் கழித்து ஸ்டேட்டஸில் "அப்ஜெக்டட்" என்று வரலாம். அதைப் பார்த்ததும் பலர் கதை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை, பரிசோதனை அறிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும், அவ்வளவுதான். பதில் போடாமல் விட்டால்தான் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பதில் ஏற்கப்பட்டால் ட்ரேட்மார்க் ஜர்னலில் வரும், அதிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு. அதுவரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் மட்டும் பதிவுக்கு முன்னால் போடக் கூடாது, அதற்குச் சட்டப்படி அபராதம் உண்டு. லோகோ வரைகிறவர்கள் அழகுக்காக அதைச் சேர்த்துக் கொடுப்பார்கள், நீங்கள்தான் கவனித்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பெயர் நல்லதாக இருக்க வேண்டும். நல்லது என்றால் காதுக்கு அல்ல, சட்டத்துக்கு. "சுத்தமான சாம்பார் பொடி", "சென்னை காட்டன்" மாதிரி பொருளையோ ஊரையோ தரத்தையோ மட்டும் சொல்கிற பெயர்களை 1999-ஆம் வருஷ ட்ரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவே தடுக்கிறது. சாமி பெயர் வைத்தாலும் அதே பெயரில் ஏற்கெனவே பத்துப் பேர் இருப்பார்கள், யாரையும் தடுக்க முடியாது. பதிவு இல்லாவிட்டாலும், தன் சரக்கை உங்களுடையது என்று ஏமாற்றி விற்கிறார் என்று, அதாவது பாசிங் ஆஃப் என்று, வழக்குப் போடலாம், உண்மைதான், ஆனால் உங்கள் பெயருக்குச் சந்தையில் ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆறு மாதமாக விற்கிற ஒருவர் அதை எப்படி நிரூபிப்பார்?

இவ்வளவு செய்தும் ட்ரேட்மார்க் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரைத் தொடாமல், போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் பெயரில் விற்பவர். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையில் ஜிமிக்கியை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து விற்கிறார். வேறொரு கடையின் லிஸ்டிங்கில் அதே ஜிமிக்கி, அதே சிவப்புத் தரை, ஓரத்தில் பாதி அழிந்த மருதாணியோடு அவருடைய கட்டைவிரல். பின்னணியை வெட்டக்கூட அவர்களுக்குச் சோம்பல். இங்கே ட்ரேட்மார்க் சான்றிதழை நீட்டினால் ஒன்றும் நடக்காது, போட்டோவில் இவர் பிராண்ட் பெயரே இல்லையே. காப்பிரைட் புகார்தான் வழி, பதிவும் தேவையில்லை. தேவைப்பட்டது கைபேசியில் இருந்த ஒரிஜினல் ஃபைல், அதில் தேதி இருக்கும், பக்கத்தில் எடுத்து அனுப்பாமல் விட்ட இரண்டு கோணமும் இருக்கும், திருடியவரிடம் அது இருக்கவே முடியாது. காப்பிரைட் விதிகள் 2013-இல் 75-ஆவது விதி, இப்படிப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் இடைத்தரகர், அதாவது அந்த விற்பனைத் தளம், அதை முடக்க வேண்டும் என்கிறது. 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவோடு வராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டம் வருவதில்லை, திருடியவர் வேறு போட்டோ தேடிப் போய்விடுவார்.

போட்டோ விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். காசு கொடுத்து ஒருவரை வைத்து போட்டோ எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை காசு கொடுத்த உங்களுக்கே. லோகோவுக்கு இது பொருந்தாது! வெளியாளிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கிய லோகோவின் காப்பிரைட் வரைந்தவரிடமே இருக்கும், அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உங்களுடையது. எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே சார், உங்களோடதுதான்" என்று வந்த மெசேஜை நம்பி இருக்காதீர்கள், ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த லோகோவுக்கே காப்பிரைட் பதிவும் வேண்டுமென்றால் கட்டணம் 500 இல்லை, 2,000. அதோடு ட்ரேட்மார்க் பதிவகத்திடமிருந்து தேடல் சான்றிதழ் வேறு வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். சிறு வியாபாரிக்கு இது வேண்டாத செலவு என்பது என் கருத்து.

இப்போது டிசைன். மூன்றில் அதிகம் பேசப்படாதது இதுதான், தவறவிட்டால் திரும்பவே கிடைக்காததும் இதுதான். பொருளின் வடிவம், மேலே இருக்கிற பிரிண்ட், வண்ண அமைப்பு ஆகியவற்றை 2000-ஆம் வருஷ டிசைன் சட்டம் காக்கிறது, ஆனால் விண்ணப்பம் போடுகிற நாளுக்கு முன்னால் அது எங்கேயும் வெளியாகி இருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் நீங்களே போட்டால்கூட வெளியானதுதான். புது கலெக்‌ஷன் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு ரீல் போட்டுவிட்டு, அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் போனால் அவரால் செய்ய முடிவது அதிகமில்லை. ட்ரேட்மார்க்கைப் பத்து வருஷம் விற்ற பிறகும் போடலாம், காப்பிரைட்டைப் போடவே வேண்டாம், டிசைனை மட்டும் கடை திறப்பதற்கு முன்னால் போட வேண்டும். எது ஓடும் என்று தெரியாத நேரத்தில் பணம் கட்டச் சொல்கிறார்களே என்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

"பிரிண்ட்டை நான்தானே வரைந்தேன், காப்பிரைட் இருக்கிறதே" என்று கேட்கலாம். இங்கேதான் துணி வியாபாரிகள் மாட்டுகிறார்கள். காப்பிரைட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது: டிசைனாகப் பதிவு செய்ய முடிந்த ஒன்றை நீங்கள் பதிவு செய்யாமல், அதை வைத்து இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் பொருள் செய்துவிட்டால், அந்த டிசைனில் காப்பிரைட் போய்விடும். 50 என்பது திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு லாட்டுக்குக்கூடக் காணாது. மெத்தைத் துணி டிசைன்கள் தொடர்பான மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் இந்த வழியில்தான் போனது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் க்ரையோகாஸ் - ஐநாக்ஸ் வழக்கில், எது கலைப்படைப்பு, எது தொழிற்சாலைப் பொருளுக்கான டிசைன் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதை விளக்கியிருக்கிறது. ஆகவே சொந்தப் பிரிண்ட்தான் உங்கள் முதலீடு என்றால், ட்ரேட்மார்க்குக்கு வைத்திருக்கிற 4,500-இல் நான்கு பிரிண்ட்டுக்கு டிசைன் விண்ணப்பம் போட்டுவிட்டு, பெயரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பிரிண்ட் புதிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மார்கழியில் தெருவெல்லாம் போடுகிற சிக்குக்கோலத்தை அப்படியே பையில் அச்சடித்து என்னுடையது என்று கேட்டால் கிடைக்காது.

ஒரு ஊருக்கே பேர்போன பொருளின் பெயரைக் காக்கிற புவிசார் குறியீட்டை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா என்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் தனிச் சொத்தாகாது, ஆனால் காஞ்சிபுரம் பட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று லிஸ்டிங்கில் எழுதுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான பதிவகம் இதே கிண்டி வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சேர 2020-க்குப் பிறகு வெறும் 10 ரூபாய். சேர்ந்தவரிடம் வாங்கி விற்றால் பிரச்சினை இல்லை, பில்லை வைத்திருங்கள். சூரத் விசைத்தறிப் புடவைக்கு "காஞ்சிபுரம் ஸ்டைல்" என்று தலைப்பு வைப்பதுதான் வம்பு. "ஸ்டைல்" என்று போட்டால் தப்பித்துவிடலாம் என்பது சட்டத்தில் இல்லாத நம்பிக்கை. பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

இந்த உரிமைகளில் எதை வாங்கினாலும், லிஸ்டிங்கில் சட்டம் கேட்கிற விவரங்கள் சரியாக இல்லை என்றால் எதிராளி உங்கள் மேல் திருப்பிப் புகார் போட்டு லிஸ்டிங்கை இறக்கிவிடுவார். எம்ஆர்பி, நிகர அளவு, தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் பக்கத்திலேயே தெரிய வேண்டும். சாப்பாட்டுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணும். ஜிஎஸ்டியில் இரண்டு வழி இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர் முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண்ணோடு மார்க்கெட்பிளேஸில் விற்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புதுச்சேரிக்கு ஒரு பார்சல் போனாலும் அது வெளிமாநில விற்பனை. ஈசிஆரில் மூன்று மணி நேரத் தூரம், வரிக்கு வேறு நாடு மாதிரி. பெங்களூர் வாடிக்கையாளர்தான் பாதி என்றால் முழுப் பதிவுதான் சரி. எதை எடுத்தாலும் ஜிஎஸ்டி, விற்பனைக் கணக்கு, ட்ரேட்மார்க் மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும், இல்லையென்றால் அங்கீகாரக் கடிதம் கேட்டு அலைய விடுவார்கள்.

கடைசியாக, புகார் உங்கள் மேல் வந்தால். ரிச்சி தெருவில் கவர், சார்ஜர் எடுத்து விற்பவர்களுக்கு அடிக்கடி வருகிறது. "ஐபோனுக்குப் பொருந்தும் கவர்" என்று எழுதுவதை ட்ரேட்மார்க் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கவரிலேயே ஆப்பிள் படத்தை அச்சடித்தால் அனுமதிக்காது. ரஜினி படம் போட்ட டி-ஷர்ட்டையும் யோசித்துப் போடுங்கள், அவர் தன் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதை எதிர்த்து 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியவர். மற்றபடி, ஆதாரமே இல்லாமல் வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டுகிறவர் மேல் ட்ரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவிலும் காப்பிரைட் சட்டத்தின் 60-ஆம் பிரிவிலும் நீங்களே வழக்குப் போடலாம். நோட்டீஸ் வந்ததும் கோபமாக மெயில் அடிக்காமல், எந்தப் பதிவு எண், எந்த வகுப்பு, எந்த லிஸ்டிங் என்று மூன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். பதிவு எண் வந்தால் ட்ரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், கேட்பவர் துணி விற்பதற்குப் பதிவு வாங்கிவிட்டுச் சோப்பு விற்கிற உங்களை மிரட்டுகிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.