சோர் பஜாரில் கிடைத்த ஜெனித்-ஈ

வெள்ளிக்கிழமை விடியற்காலை, மும்பை சோர் பஜார் நடைபாதையில் இந்த சோவியத் கேமராவை வாங்கினேன். லென்ஸோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். ஒளிமானிக்கு பேட்டரி வேண்டாம். வெயில் பட்டதும் ஊசி எழுந்து ஆடியது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸில் மும்பை மாட்டுங்கா பகுதிப் பூக்காரம்மாவின் மல்லிகைச் சரம் அவ்வளவு துல்லியம், பின்னால் கூட்டம் சுழன்று கரைகிறது. ஷட்டர் வேகம் 1/500 நொடிக்கு மேல் போகாது. சரி, எனக்கு அது போதும்.

1953 இந்திய-சோவியத் வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு சோவியத்தோடு டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்கு நடந்தது; நம் தேயிலை அங்கே போனது, இயந்திரங்கள் இங்கே வந்தன. அப்பா அந்தக் காலத்தை வாயாரச் சொல்லுவார்.

விற்றவர் லென்ஸ் மூடி தரவில்லை, அதுதான் குறை. அப்புறம், ஃபிலிம் மாட்டும்போது துளைகள் பல்சக்கரத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.