22,500 ரூபாவும் போனது, பிள்ளையையும் தெரு வாசலில்தான் கண்டுபிடித்தேன்

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை ஒரு தனியார் நடனப் போட்டியில் நடந்தது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, இன்னும் எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை நடனம், சங்கீதம் பழக்குகிற அம்மா, அப்பாமார் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். என்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

மகளுக்கு 9 வயது. மூன்று வருடமாகப் பரதநாட்டியம் பழகுகிறாள். பள்ளிக்கூடத்தால் தமிழ்த் தினப் போட்டிக்குக் குழு நடனத்தில் வலய மட்டம் வரை போனவள். அங்கே டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் பிள்ளைகளை வானில் ஏற்றுவார், அதே பட்டியலைப் பார்த்துத்தான் திரும்ப எங்களிடம் தருவார். எல்லாப் போட்டியும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இது தனியார் போட்டி. முகநூலில் அழகான போஸ்டர் போட்டு ஆள் சேர்க்கிற ஒரு குழு. ‘தனி நடனம், 8 முதல் 10 வயது’ என்று இருந்தது. வட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு தம்பி உடனே போன் எடுத்தார். அவ்வளவு மரியாதையான பேச்சு. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பத்துப் பிள்ளைக்கு ஒரு பொம்பிளைப் பொறுப்பாளர். கையிலை நம்பர் பட்டி கட்டுவம். தாய் தகப்பன் மேடைக்குப் பின்னாலை வரேலாது, அது பிள்ளையளின்ரை பாதுகாப்புக்குத்தான்."

அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்களே, நல்ல ஆட்கள்தான் என்று நினைத்தேன். லண்டனில் இருக்கிற என் தங்கை முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள், அங்கே உரிமம் எடுத்து மேடையேறும் பிள்ளைகளை ஒரு பொறுப்பாளர் 12 பேருக்கு மேல் பார்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். இங்கே பத்துப் பேருக்கு ஒருவர் என்கிறார்களே என்று அவளுக்குப் பெருமையாக வொயிஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன்.

பதிவுக் கட்டணம் 4,500. உடையும் நகையும் அவர்களிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும், 8,000. வீடியோ 6,000. ‘உணவும் பராமரிப்பும்’ என்று 4,000. மொத்தம் 22,500 ரூபா. ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "அன்றைக்குத் தருவம் அக்கா" என்றார். சரி என்று விட்டேன்.

காலை 6.30க்கு முழு அலங்காரத்தோடு வரச் சொன்னார்கள், போனோம். மண்டப வாசலில் மகளை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்தேன், அவளுக்கே 16, 17 வயதுதான் இருக்கும். கைப்பட்டி இல்லை. சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வியர்வையில் அது எட்டு மணிக்கே விழுந்திருக்கும்.

மகள் மேடையேறியது பின்னேரம் 4.15க்கு. அதுவரைக்கும் அவள் எப்படி இருந்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் உடுப்பு மாற்றும் இடம். யன்னலுக்குத் திரை இல்லை. வீடியோ எடுக்கிறவர் கமராவோடு நினைத்த நேரம் உள்ளே வந்து போயிருக்கிறார். நடன உடையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளங்கும், ஊசி குத்தி, ஒட்டியாணம் இறுக்கிக் கட்டினால் ஒன்பது வயதுப் பிள்ளை தானாகக் கழற்றிக் கழிவறைக்குப் போக முடியாது. பொறுப்பாளர் வேண்டும் என்பது அதற்காகத்தான். கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, கூட்டிப் போகவும் ஆள் இல்லை. அதனால் என் பிள்ளை தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறாள். இந்த வெயிலில், தலைச்சாமானோடு, பத்து மணித்தியாலம். நான் கட்டிக் கொடுத்த போத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. ‘உணவும் பராமரிப்பும்’ என்று வாங்கிய 4,000க்கு ஒரு ரோல்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடி முடித்து அரை மணித்தியாலம் ஆகியும் அவளைக் கொண்டுவந்து தரவில்லை. உள்ளே போகப் பார்த்தேன், தடுத்தார்கள். "விதிமுறை அக்கா." நான் சத்தம் போட்டு உள்ளே போனால் அங்கே மகளும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. பக்கத்துக் கேற்றால் வெளியே ஓடினேன். தெருவோரத்தில், சதங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்பின் தெரியாத ஒரு மனுசனோடு நின்றாள். அவர் வேறொரு பிள்ளையின் மாமா. தனியாக அழுதுகொண்டு நின்றவளை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் நின்றிருக்கிறார். அவர் நல்ல மனுசன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குப் பதிலாக வேறு யாரும் நின்றிருந்தால்? அதை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது.

அன்றிரவே அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ஞாயிறு காலை, "குழுவோடை கதைச்சுச் சொல்லுறன்." மத்தியானம், "பொறுப்பான அண்ணா கொழும்பிலை." பின்னேரம் அந்த அண்ணாவே எடுத்து, "நூற்றுக்கு மேலை பிள்ளையள் வந்தவை, நீங்கள் மட்டும்தான் குறை சொல்லுறீங்கள். பிள்ளைக்குத்தான் ஒண்டும் நடக்கேல்லையே" என்றார். ஒன்றும் நடக்கவில்லையாம்! 22,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "விதிமுறையிலை இருக்கு, காசு திருப்பித் தரமாட்டம்." எந்த விதிமுறை? ஒரு கடதாசிகூட நான் காணவில்லை.

அதே இரவு அவர்களின் பக்கத்தில் மகளின் படம். அந்த அறையில் அவளுக்குத் தலை அலங்காரம் சரிசெய்யும்போது எடுத்தது. முழுப் பெயர், வயது, பள்ளிக்கூடம் எல்லாம் கீழே எழுதியிருந்தது. எடுக்கச் சொல்லி எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பத்துப் பேரிடம் சொல்லி முறைப்பாடு போட வைத்த பிறகு படம் போனது, கூடவே என்னையும் புளொக் செய்துவிட்டார்கள். 6,000 கட்டிய வீடியோ இன்றுவரை வரவில்லை.

22,500 ரூபா எங்கள் வீட்டில் சின்னக் காசில்லை. அதைவிட, பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லியே என்னைப் பிள்ளையிடம் இருந்து தள்ளி நிறுத்தினார்களே, அதுதான் ஆறவில்லை.

சரி, சொன்னபடி எழுத வேண்டும். தாய் தகப்பன் வரக்கூடாது என்றால், யார் பார்ப்பது, அவருடைய பெயர் என்ன, வயது என்ன என்று முதலே கேளுங்கள். உடுப்பு மாற்றும் அறையையும் கழிவறையையும் நேரே போய்ப் பாருங்கள், காட்ட மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல், தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். படம் போடக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, காசு ஏமாற்றியதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. நான் இரண்டுக்கும் நாளைக் காலை எடுக்கப்போகிறேன். இன்னும் எழுதலாம், ஆனால் மகள் நித்திரையில் எழும்பி அழுகிறாள், போக வேண்டும்.

அடுத்த போட்டி கிளிநொச்சியில் என்று அவர்கள் போஸ்டர் போட்டுவிட்டதாக இப்போதுதான் ஒருவர் அனுப்பினார். அந்தப் பக்கத்தில் யாருக்காவது அப்படி அழைப்பு வந்திருந்தால், காசு போடுவதற்கு முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.