துல்லியத் தராசா, குவார்ட்ஸ் படிகமா?

கட்டக்கோரைக் கடற்பாசியில் எடுத்த ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை 20 நானோமீட்டர் கனத்துக்குப் படலமாக்கி, அதன் எடையைப் பார்ப்பதுதான் வேலை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் முதலில் இருந்தது ஒரு மைக்ரோகிராம்வரை காட்டும் தராசு. க்யூ.சி.எம். எனப்படும் குவார்ட்ஸ் அதிர்வுக் கருவிக்கு மாறி இரண்டு மழைக்காலம் ஆகிறது.

தராசின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைத்தால் எடை, கணக்கு கிடையாது. கனத்த படலத்தை இன்றும் அதில்தான் போடுகிறேன்.

எங்கள் படலமோ சதுர சென்டிமீட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் சொச்சம். அதைத் தாங்கும் கண்ணாடித் தகடு பத்தாயிரம் மடங்குக்கு மேல் எடை. ஐப்பசியில் கடல்காற்று அடித்தால் அந்தக் கண்ணாடியில் படியும் ஈரமே மைக்ரோகிராம் கணக்கில் வரும். காலையில் ஒரு எடை, சாப்பிட்டு வந்தால் இன்னொரு எடை.

க்யூ.சி.எம்.முக்குள் இருப்பது அதிரும் குவார்ட்ஸ் படிகம். அதன் மேல் ஏறும் எடைக்கு ஏற்ப அதன் அதிர்வெண் இறங்கும் என்று 1959இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாவர்பிரே காட்டினார். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். ஒரே அணு கனமுள்ள கரித் தாளான கிராஃபீன் ஓர் அடுக்குகூட நான்கு ஹெர்ட்ஸ் இறக்கும். எங்கள் படலம் சுமார் 180.

ஈரம் இதையும் விடாது. சொல்லப்போனால் ஆல்ஜினேட் ஈரத்தை உறிஞ்சும் பண்டம். ஆனால் க்யூ.சி.எம்.மின் அறை தீப்பெட்டி அளவுதான். அதற்குள் உலர் நைட்ரஜனை ஓடவிட்டு எண் நிலைக்கும்வரை காத்திருந்தால் போதும். தராசு நிற்கும் அறை முழுவதையும் அப்படி உலர்த்த முடியுமா? நான் மாறியதே இதற்காகத்தான்.

பராமரிப்பு இல்லாமல் இல்லை. ஒருநாள் எண் தாறுமாறாகத் துள்ளியது. கழற்றிப் பார்த்தால் படிகத்தைத் தொடும் ஸ்பிரிங் ஊசியின் நுனியில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் கைவரிசை. இப்போது வேலை முடிந்ததும் அந்த ஊசி உள்ள படிகப் பிடிப்பான் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போய்விடும். திரும்பத் திரும்பக் கழுவினால் படிகத்தின் தங்கப் பூச்சும் ஓரத்தில் உரிகிறது; அப்புறம் புதுப் படிகம்தான்.

இதெல்லாம் உலர்ந்து விறைப்பாக, சீராகப் படிந்த படலத்துக்கு. தண்ணீருக்குள் கதை வேறு. ஒரு பக்கம் தண்ணீர் பட்டாலே 700 ஹெர்ட்ஸ் போல இறங்கிவிடும். படலமும் ஊறிக் கொழகொழப்பானால் சாவர்பிரே கணக்கு பொய்க்கும். அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதையும் சேர்த்து அளக்கும் கருவி வேண்டும். தண்ணீரில் நான் நாலைந்து தடவைதான் செய்திருக்கிறேன். அந்த வேலைக்கு வாங்குபவர் என் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.