குதிரை ஜி4-க்கா, ஈ4-க்கா? புடாபெஸ்ட் கேம்பிட்டின் இரண்டு வழிகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு செஸ்ஸில் முறையான பயிற்றுநர் கிடைப்பது அபூர்வம். ஓப்பனிங் (ஆட்டத்தின் முதல் நகர்வுகள்) எல்லாம் போனில் பார்த்துக் கற்றதுதான். கறுப்பில் சண்டை போட ஆசைப்படுகிற பிள்ளை எப்படியும் புடாபெஸ்ட் கேம்பிட்டில், அதாவது ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து ஆடுகிற ஓப்பனிங்கில், வந்து நிற்கும் (ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு): 1. டி4 குதிரை எஃப்6, 2. சி4 ஈ5. வெள்ளை அந்த ஈ5 சிப்பாயை வெட்டியதும் கறுப்புக் குதிரை அடியில் நிற்கிறது. அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது: "சேர், குதிரையை எங்க வைக்கிறது?"

ஜி4-க்குப் போனால் பிரதான வழி. 1896இல் புடாபெஸ்டில் ஹங்கேரிய வீரர் மரோட்சி அப்படித்தான் ஆடினார். ஈ4-க்குப் பாய்ந்தால் ஃபயரோவிச் வழி; 1928இல் அதை ஆடியவரின் பெயரே அதற்கு நின்றுவிட்டது. பார்வைக்கு இரண்டாவதுதான் மூர்க்கம். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கிறது, காரணம் ஒரு பொறி. 4. குதிரை எஃப்3 டி6, 5. வெள்ளை டி6-ஐ வெட்ட, கறுப்பு மந்திரியால் (பிஷப்) திருப்பி வெட்டும். இப்போது வெள்ளை யோசிக்காமல் 6. ஜி3 தள்ளினால் கறுப்புக் குதிரை எஃப்2-இல் விழும். ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் அடி. ராஜா குதிரையை வெட்டினால் மந்திரி ஜி3-இல் செக். டி வரிசை திறந்துவிட்டது, வெள்ளை ராணி போச்சு. 4. ராணி சி2 என்றாலும் கறுப்புக்குக் கவலையில்லை: மந்திரி பி4-இல் செக், அப்புறம் டி5, மற்ற மந்திரி எஃப்5-இல் வந்து ராணியைக் குறிவைக்கும்.

ஆனால் வெள்ளை 4. ஏ3 என்று சும்மா ஒரு சிப்பாயை நகர்த்தினால்? பி4 செக் போய்விட்டது. அடுத்து ராணி சி2 வந்து ஈ4 குதிரையை விரட்டும். கறுப்பு டி5 என்று முட்டுக்கொடுத்தால் வெள்ளை அதையும் 'போகிற வழியில் வெட்டும்' (ஆன் பாசான்) விதிப்படி ஈ5 சிப்பாயால் வெட்டலாம். கொடுத்த சிப்பாய் திரும்பி வருகிற பாடாக இல்லை. இத்தனை மூர்க்கமும் எதிராளிக்கு ஏ3 தெரியாது என்பதை நம்பி நிற்கிறது. எதிரே இருப்பவரும் அதே போன் வீடியோவைப் பார்த்திருக்க மாட்டாரா என்ன?

ஜி4 குதிரை அப்படியில்லை. ஈ5-இல் இருக்கும் சிப்பாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பெரும்பாலும் அதைத் திருப்பி எடுத்தும் விடுகிறது. பொறி இதிலும் உண்டு, அதற்காக எதையும் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். 4. மந்திரி எஃப்4 குதிரை சி6, 5. குதிரை எஃப்3 மந்திரி பி4 செக், 6. குதிரை பி1-இலிருந்து டி2, ராணி ஈ7. வெள்ளை 7. ஏ3 என்று மந்திரியை மிரட்டினால், கறுப்பு அதைக் கண்டுகொள்ளாமல் ஜி4 குதிரையால் ஈ5-ஐ வெட்டும். ஆசைப்பட்டு மந்திரியை வெட்டினால் குதிரை டி3-இல் செக்மேட்! ஈ2 சிப்பாயால் அந்தக் குதிரையைத் தொட முடியாது, அது நகர்ந்தால் ஈ7-இல் நிற்கும் கறுப்பு ராணி வெள்ளை ராஜாவைத் தாக்கும். வெள்ளை விழாமல் ஈ5-இல் குதிரைகளை மாற்றி, ஈ3 ஆடினாலும் கறுப்புக்குச் சிப்பாய் சமம். வெள்ளைக்கு இரண்டு மந்திரிகள் மிஞ்சும், அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் அல்ல: 1992இல் இங்கிலாந்தின் ஷார்ட்டுக்கு எதிராக முன்னாள் உலகச் சாம்பியன் கார்போவ் வெள்ளையில் இந்த வழியில் வென்றார்.

ஆறாவது நகர்வில் டி2-க்குப் பதில் குதிரையை சி3-இல் வைத்தால் கறுப்பு அதை வெட்டி, சி வரிசையில் வெள்ளைச் சிப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிடும். 1918இல் பெர்லினில் அக்காலத்தின் முன்னணி வீரர் ரூபின்ஸ்டீனை விட்மார் கறுப்பில் 24 நகர்வுகளில் வென்ற ஆட்டம் அப்படிப் போனதுதான். ரூபின்ஸ்டீனையே அப்படி மடக்கிய வழி என்றால் பிள்ளைகள் தயங்கத் தேவையில்லை.

வெள்ளை 4. குதிரை எஃப்3 ஆடினால் கறுப்பு மந்திரி சி5-க்கு. கோட்டை கட்டியபின் ஏ5 தள்ளி, யானையை ஏ6 வழியாக எச்6-க்குக் கொண்டுபோய் ராஜாவைத் தாக்கலாம். 4. ஈ4 வந்தால் குதிரை ஈ5-ஐ வெட்டட்டும், எஃப்4 தள்ளியதும் ஜி6-க்குப் பின்வாங்கட்டும்.

பாடசாலைப் போட்டிக்கு என்னைக் கேட்டால் ஜி4தான். ஃபயரோவிச்சை நண்பர்களோடு வேகமாக ஆடுகிற ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: வெள்ளை இரண்டாவது நகர்வில் சி4-ஐ விட்டு குதிரை எஃப்3 ஆடினால் ஈ5 தள்ளக் கூடாது, அந்தச் சிப்பாய் சும்மா போய்விடும். லண்டன் முறை (டி4, குதிரை எஃப்3, மந்திரி எஃப்4 என்று அமைப்பது) ஆடுகிறவர்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கு வேறொரு பதிலும் கையில் இருக்க வேண்டும்.