கெர்னலைக் கற்பிக்க லினக்ஸா, எக்ஸ்வி6-ஆ?

இயங்குதளப் பாடத்தை, அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் கெர்னல் என்ற மையப் பகுதியைச் சொல்லித்தரும் பாடத்தை, முதல் மூன்று ஆண்டுகள் லினக்ஸை வைத்தே நடத்தினேன். நான்காம் ஆண்டு எக்ஸ்வி6 என்ற சிறு கற்பித்தல் இயங்குதளத்துக்கு மாறினேன். பிறகு திரும்பிப் போகவில்லை. இந்தப் பாடத்தை முதன்முறையாக நடத்தப் போகும் நண்பர்கள் எதை எடுப்பது என்று கேட்கும்போதெல்லாம் தயங்காமல் எக்ஸ்வி6 என்கிறேன். காரணத்தை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

லினக்ஸின் பக்கம் இருக்கும் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது உலகமே பயன்படுத்தும் கெர்னல், மாணவர் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடுவது, வேலைக்குப் போன பிறகும் கைகொடுப்பது. ஆனால் அதன் மூல நிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி சாதனங்களுக்கான டிரைவர்கள், பாடத்துக்கு வேண்டியது ஒரு மூலை மட்டும்தான் என்று நானும் நினைத்தேன். அந்த மூலைக்குள் போன மாணவருக்கு ஒரு மேக்ரோ (நிரல் துண்டுக்கு இட்ட சுருக்கப் பெயர்) இன்னொரு மேக்ரோவைக் காட்டும். அது மூன்று கோப்புகளைத் தாண்டிப் போய், கம்பைல் செய்யும்போது (மூல நிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும்போது) எடுத்த ஏதோ ஒரு தெரிவைப் பொறுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். அரை மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும். ஆகவே, கெர்னலைத் தொடாமல் அதன் ஓரத்தில் செருகும் சிறு மாடியூல்களையே பயிற்சியாகக் கொடுத்துவந்தேன்.

அதிலும் ஒரு தொல்லை. லினக்ஸ் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கெர்னலின் தகவலைக் கோப்பாகக் காட்டும் ‘புரோக்’ கோப்பு ஒன்றை உருவாக்கும் என்னுடைய பயிற்சி, 2020-இல் 5.6 பதிப்பு வந்ததும் கம்பைல் ஆக மறுத்தது. அந்த இடத்தில் தர வேண்டிய ஸ்ட்ரக்சரையே (தரவுத் தொகுப்பின் வடிவத்தையே) மாற்றிவிட்டார்கள். 2023-இல் வந்த 6.6 பதிப்பில், அடுத்து எந்த நிரல் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரின் அடிப்படை விதியே மாறியது. வளரும் கெர்னலுக்கு இது ஆரோக்கியம்தான். பாடக் குறிப்பை ஆண்டுதோறும் செப்பனிடும் ஆசிரியருக்கு விடுமுறையில் பாதி போய்விடும்.

எக்ஸ்வி6 பிறந்ததே வகுப்பறைக்காக. யூனிக்ஸின் 1975-ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பை அடியொற்றி, 2006-இல் எம்.ஐ.டி.யில் புதிதாக எழுதினார்கள். முதலில் இன்டெல் வகைச் செயலிக்கு இருந்தது, 2019 முதல் ரிஸ்க்-வி செயலிக்கு மாறியது. முழுக் கெர்னலும் பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கிவிடும். கியூஎமு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுவதால் மாணவர் எதையாவது உடைத்தாலும் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. சில நொடிகளில் மறுபடி கம்பைல் செய்து ஓடவிடலாம்.

இவை எல்லாம் வசதிகள்தான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: மாணவர் தொடங்கிய கேள்வியோடு அடி வரை இறங்கிவிட முடிகிறது. ‘இதற்குக் கீழே என்னவோ நடக்கிறது, இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்’ என்று நான் சொல்ல வேண்டிய இடமே வருவதில்லை.

ஒரு ப்ராசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து) இன்னொன்றுக்குத் தாவும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்வி6-இல் அது ‘ஸ்விட்ச்’ என்ற ஒரு சிறு அசெம்பிளித் துண்டு, செயலியின் கட்டளைகளிலேயே எழுதியது. செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களில் பதினான்கை நினைவகத்தில் எழுதுகிறது, வேறு பதினான்கு மதிப்புகளை எடுத்து அதே ரிஜிஸ்டர்களில் நிரப்புகிறது, கடைசியில் ஒரு ‘ரிட்டர்ன்’. மொத்தம் 29 கட்டளைகள். கரும்பலகையில் முழுவதையும் எழுதிவிடுவேன். திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதால், அழைத்த இடத்துக்கே அது திரும்புவதில்லை. நுழைந்தது ஒரு ப்ராசஸின் வழியாக, வெளியே வருவது ஷெட்யூலருக்குள். அங்கிருந்து இன்னொரு முறை தாவினால்தான் அடுத்த ப்ராசஸ். இதை டீபக்கரில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்க்கச் சொல்கிறேன். அடுக்கை (ஸ்டாக், ஓடும் நிரல் தன் இடைக்கால மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) சுட்டும் ரிஜிஸ்டரின் மதிப்பு சட்டென்று மாறும் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு, பிறகு நான் விளக்க வேண்டியது மிகக் குறைவு.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்பேன். பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் வாசலில் 31 ரிஜிஸ்டர்களைச் சேமிக்கிறோமே, இங்கே ஏன் பதினான்கே போதும்? விடை சொல்ல ஒரு வாரம் அவகாசம். தேடினால் கிடைக்கும் விடைதான். ஆனால் சி கம்பைலருக்கும் கெர்னலுக்கும் இடையில் உள்ள உடன்படிக்கையைப் புரிந்துகொள்ளாமல் அதைச் சொந்தச் சொற்களில் சொல்ல முடியாது. லினக்ஸ் ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எனக்கே துணிவு வந்ததில்லை.

குறைகளும் உண்டு. எக்ஸ்வி6-இல் பயனர் கணக்கு கிடையாது, கோப்புக்கு அனுமதி கிடையாது, ஷெட்யூலர் வரிசையாகச் சுற்றிவருவதோடு சரி. ஒரே நேரத்தில் 64 ப்ராசஸ்களுக்கு மேல் இடமில்லை. புதிய ப்ராசஸை உருவாக்கும் ‘ஃபோர்க்’கை அழைத்தால் தாயின் நினைவகம் முழுவதையும் பிரதி எடுக்கிறது. எழுதும்போது மட்டும் பிரதி எடுக்குமாறு அதை மாற்றுவதே என் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பயிற்சி. செயல்வேகத்தை அளந்து ஆராயும் பாடம் நடத்துகிறவர் இதை எடுக்கக் கூடாது. அங்கே லினக்ஸ்தான் சரி. தொடக்க வாரத்தில் ரிஸ்க்-வி கம்பைலரையும் கியூஎமுவையும் எல்லா மடிக்கணினிகளிலும் நிறுவி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற கற்பித்தல் இயங்குதளங்களில் பின்டோஸ் கவனத்துக்குரியது. 2004-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. த்ரெட் (தனித்து ஓடும் செயல் இழை), பயனர் நிரல், மெய்நிகர் நினைவகம், கோப்பு அமைப்பு என நான்கு பெரும் பணிகள். எலும்புக்கூட்டைத் தந்துவிட்டுச் சதையை மாணவரே வைக்கச் செய்கிறது. வடிவமைக்கும் திறமை எக்ஸ்வி6-ஐவிட இதில் நன்றாக வளரும் என்றே நினைக்கிறேன். ஆனால் இதை நான் வகுப்பில் நடத்தியதில்லை. காத்திருக்கும் த்ரெட் தன்னைத் தடுத்து நிற்கும் த்ரெட்டுக்கு முன்னுரிமையை இரவல் கொடுக்கும் பயிற்சியை மட்டும் நானே செய்து பார்த்தேன். ஒரு வாரம் பிடித்தது. உதவி ஆசிரியர்கள் நிறைய இல்லாத துறையில் இதைத் தாங்க முடியுமா என்பது என் ஐயம். மினிக்ஸ், பெரும்பாலான வேலைகளைக் கெர்னலுக்கு வெளியே வைக்கும் மைக்ரோகெர்னலைப் பற்றிப் பேச வேண்டிய வகுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. நாச்சோஸ் 1992-இலேயே வந்த முன்னோடி, ஆனால் கெர்னலே ஒரு சாதாரண நிரலாக ஓடுவதால் நான் விரும்பும் அந்த அடிமட்டம் அதில் இல்லை.

லினக்ஸை முற்றாக விட்டுவிடவில்லை. பருவத்தின் கடைசி இரண்டு வாரம் அதற்கு. போன முறை அதன் இன்டெல் வகைச் செயலிக்கான தாவல் நிரலைத் திரையில் போட்டேன். ஆறு ரிஜிஸ்டர்களை அடுக்கில் தள்ளுகிறது, அடுக்கையே மாற்றுகிறது, ஆறையும் திரும்ப எடுக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “சார், மற்றதெல்லாம் கம்பைலர் ஏற்கெனவே சேமித்துவிட்டது, இல்லையா?” என்று கேட்டார்.