கேட்ட மாத்திரையைத் தராத பாளையங்கோட்டை மெடிக்கல்

திருச்செந்தூர் பாதயாத்திரைக்கு முந்தின நாள், கால்வலி வராமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம் என்று மார்க்கெட் பக்கம் உள்ள இந்தக் கடையில் டைக்ளோபினாக் வலி மாத்திரை ஒரு அட்டை கேட்டேன். "சீட்டு இருக்கா தம்பி? இப்போ வலிக்குதா?" என்றார் கடை அக்கா. இல்லை, வந்துவிடக் கூடாது என்றுதான் என்றேன். அவ்வளவு கூட்டத்திலும் நின்று விளக்கினார், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

உடம்பில் சுரந்து வலியைக் கூட்டும் புராஸ்டகிளாண்டின் என்ற அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரையும் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதற்கும் உதவுகிறது, டைக்ளோபினாக்கும் இபுபுரூபன் என்ற வலி மாத்திரையும் அதைக் குறைத்துவிடும், வெயிலில் வியர்த்துக்கொண்டு தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நடப்பவருக்கு அது சிறுநீரகத்தையே பாதிக்கலாம் என்றார். கூட வரும் பெரியப்பா பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார் என்றதும் முகம் மாறிவிட்டது. "டாக்டரைக் கேக்காம அவருக்குக் கொடுத்துராதீங்க!"

போன வருடம் வேறொரு கடையில் எதுவும் கேட்காமல் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தந்தார்கள், அந்தத் துண்டில் மருந்தின் பேர்கூட இல்லை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, செய்துங்கநல்லூர் தாண்டியதும் நெஞ்செரிச்சல் தாங்காமல் ரோட்டோரம் உட்கார்ந்தேன்.

கடைசியில் பாரசிட்டமால் 500 ஒரு அட்டையும் ஓஆர்எஸ் பொட்டலம் நாலும் வாங்கினேன். வலி வந்தால் மட்டும் போடுங்கள், 6 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து, சளி மாத்திரையிலும் இதே மருந்து இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள் என்று சொல்லி, அட்டையின் பின்னால் பேனாவால் "6 மணி" என்று எழுதியும் கொடுத்தார்.

சாயங்காலம் போனால் கூட்டம், வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது. காலையில் போங்கள்.